நீலத் துப்பாக்கிக்குக் கறுப்பு அடித்தவர்

இங்கிலாந்தில் சட்டம் போட்டவர்களுக்குப் பொம்மைத் துப்பாக்கியைப் பார்த்தாலே பயம் போலிருக்கிறது. ஏர்சாஃப்ட் என்ற போர் விளையாட்டு ஆடுகிறவர்கள் பிளாஸ்டிக் குண்டு சுடும் துப்பாக்கி வாங்கிக்கொள்ளலாம், தடையில்லை. ஆனால் அது நிஜத் துப்பாக்கியின் சாயலில் இருக்க வேண்டுமென்றால் ஆட்டக்காரர் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். பெயர் ஏறுவதற்கு ஒரே மைதானத்தில், இரண்டு மாதமாவது இழுத்தடித்து, மூன்று முறை ஆடியிருக்க வேண்டும். அதுவரைக்கும் கையில் இருப்பது பாதிக்கு மேல் பளிச்சென்ற நிறத்தில், குழந்தைகள் கடையில் தொங்குவது போலத்தான் இருக்க வேண்டும்.

க்ளினிஸுக்கு வாய்த்தது நீலம். நீச்சல் குளத்துத் தரையின் நீலம். அதைத் தூக்கிக்கொண்டு ஷ்ராப்ஷயர் காட்டில் பெரணிச் செடிக்குள் ஒளிந்தால் ஒளிந்த மாதிரியா இருக்கும்? இரண்டு ஆட்டத்திலும் முதல் ஆளாக அடிபட்டு வெளியே வந்தாள். பல் டாக்டரிடம் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரின் எரிச்சலையெல்லாம் வாரம் முழுக்கச் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்கிறவள் அவள். ஞாயிற்றுக்கிழமையாவது நாலு பேரைச் சுடலாம் என்றுதான் இதில் சேர்ந்தாள்.

இன்று மூன்றாவது ஆட்டம். இதை முடித்தால் பெயர் ஏறிவிடும். அடுத்த வாரம் வேல்ஸில் ஒரு பழைய கல்குவாரியில் இரண்டு நாள் பெரிய ஆட்டம், பதிவானவர்களுக்கு மட்டும். அவளுடைய அணி முழுக்கப் போகிறது. இன்று தவறினால் அவள் மட்டும் வீட்டில் உட்கார்ந்து துணி மடிக்க வேண்டியதுதான்.

ஆச்சரியம் என்னவென்றால், இன்று டெஸ்மண்டும் கூட வந்திருந்தார். கணவர் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அவருக்குத் தோட்டத்துக் கொட்டகையும் அதில் ஓடும் பொம்மை ரயில்களும் போதும். பெருவிரல் நீள எஞ்சினுக்குப் புகைக்கரி, துரு, எண்ணெய்க் கசிவு எல்லாம் வரைந்து நிஜ எஞ்சின் மாதிரியே ஆக்கிவிடுவார். சேற்றைக் கண்டால் மட்டும் ஆகாது. ஒரு தடவையாவது வந்து பாரேன் என்று கேட்டுக் கேட்டு க்ளினிஸுக்கு அலுத்துப்போயிருந்தது. அவர் தானாக வந்து காரில் ஏறியதும் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சந்தேகமும்தான்.

கார் நிறுத்துமிடத்தில் டாரில் நின்றுகொண்டு பன்றிக்கறி ரொட்டி தின்றுகொண்டிருந்தான். ஃபிரிட்ஜ் ரிப்பேர்க்காரன், அணித் தலைவன், வாய் மூடாதவன்.

"வாம்மா நீலம்! உன் துப்பாக்கி பக்கத்து மாவட்டத்துலேர்ந்தே தெரியுதாமே?"

"தின்னுட்டுப் பேசு. ரொட்டி விழுது" என்றாள் க்ளினிஸ்.

"துப்பாக்கிப் பையைத் தொற, கண்ணு" என்றார் டெஸ்மண்ட். காது வரைக்கும் சிரிப்பு.

திறந்தாள். உள்ளே ஒரு கறுப்புத் துப்பாக்கி கிடந்தது. குழலில் மங்கிய இரும்பின் பளபளப்பு. கை படும் இடங்களில் மட்டும் கறுப்பு தேய்ந்து உலோகம் எட்டிப் பார்த்தது. திருகுகளைச் சுற்றி மெல்லிய துரு. இரண்டு போரைப் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றது போல இருந்தது. நீலம் மருந்துக்குக்கூட இல்லை.

"உன்னை எல்லாரும் கேலி பண்றாங்கன்னு சொன்னியே" என்றார் டெஸ்மண்ட். "ஒரு வாரம் ஆச்சு. ரயிலைத் தொடவே இல்லை."

ரயிலைத் தொடாத ஒரு வாரம்! க்ளினிஸுக்கு அந்த மனிதரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அடுத்த நொடியே தலையில் குட்ட வேண்டும் போலவும் இருந்தது. டாரில் மெல்லுவதை நிறுத்தியிருந்தான்.

"டெஸ்மண்ட்" என்றான் மெதுவாக. "உங்களுக்குப் பதிவு இருக்கா?"

"எனக்கா? எதுக்கு?"

"பதிவில்லாதவங்க நீலத்தைக் கறுப்பாக்கினா, நிஜம் மாதிரி துப்பாக்கி தயாரிச்சதா கணக்கு. ஜெயில்ல போடற குத்தம்."

"பெயின்ட்தானேப்பா அடிச்சேன்!"

"அதைத்தான் தயாரிப்புங்கிறாங்க."

டெஸ்மண்டின் முகம் சுண்டிப்போனது. அதற்குள் பெவர்லி வந்துவிட்டார். மைதானத்தின் நடுவர். போக்குவரத்துப் போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர், ஆனால் அந்தப் பார்வை ஓய்வு பெறவில்லை. துப்பாக்கியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யார் பண்ணது இது?"

"நான்தான்" என்றாள் க்ளினிஸ் சட்டென்று.

"நீங்களா? போன தடவை உங்க முகமூடில பேர் எழுதினீங்க. பெயின்ட் வழிஞ்சு மூக்கெல்லாம் பச்சையாச்சு. நீங்க இந்தத் துருவை வரைஞ்சீங்க?"

இந்த ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. குண்டு பட்டால் சத்தமும் வராது, சாயமும் ஒட்டாது. பட்டவர்தான் கையைத் தூக்கி, பட்டுச்சு என்று தானே கத்திவிட்டு வெளியேற வேண்டும். பொய் சொன்னால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஆனாலும் சொல்லிவிடுவார்கள், அதுதான் ஆட்டம். இதை க்ளினிஸ் சாப்பாட்டு மேஜையில் பலமுறை பெருமையடித்திருக்கிறாள். டெஸ்மண்ட் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கியதில்லை.

இப்போது டெஸ்மண்ட் வலது கையை உயரத் தூக்கினார்.

"பட்டுச்சு!" என்று கத்தினார். காட்டுப் புறாக்கள் நாலைந்து பறந்தன. "நான்தாங்க அடிச்சேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்! செய்தித்தாளுக்குப் பின்னால் இத்தனை நாளும் காது திறந்துதான் இருந்திருக்கிறது. க்ளினிஸுக்குக் கண் கலங்கியது.

பெவர்லி பெருமூச்சு விட்டார். "வாடகைத் துப்பாக்கி எல்லாத்தையும் கல்யாணத்துக்கு முன்னாடி கூத்தடிக்க வந்த மாப்பிள்ளை கோஷ்டி ஒண்ணு எடுத்துட்டுப் போயிடுச்சு. இது கறுப்பா இருக்கிற வரைக்கும் க்ளினிஸை உள்ளே விட முடியாது. ரோட்டுல கொண்டுபோகவும் விட மாட்டேன், எவனாவது பார்த்துட்டு ஆயுதப் போலீஸைக் கூப்பிடுவான். இங்கேயே, இப்பவே பளிச்சுனு ஆக்குங்க. ஆக்கிட்டா நான் எதையும் பார்க்கலை."

"என்கிட்ட இங்க பெயின்ட் இல்லையே" என்றார் டெஸ்மண்ட்.

வெட்ட வேண்டிய மரங்களுக்குக் குறி போடும் ஸ்பிரே டப்பா பெவர்லியின் வண்டியில் இருந்தது. நிறம் ரோஜா. ரோஜா என்றால் சாதுவான ரோஜா இல்லை, இருட்டிலும் கண்ணைக் குத்தும் ரோஜா.

செய்தி பரவி அணி முழுக்கக் கூடிவிட்டது. அந்தத் துருவையும் தேய்மானத்தையும் ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். இழவு வீட்டில் கடைசியாக முகம் பார்ப்பது போல இருந்தது. ஒருவன் தொப்பியைக்கூடக் கழற்றினான்.

"கொடு, நானே அடிக்கிறேன்" என்று க்ளினிஸ் டப்பாவுக்குக் கை நீட்டினாள்.

"வேண்டாம். நீ அடிச்சா வழியும்" என்றார் டெஸ்மண்ட்.

அவரே அடித்தார். மனம் வெந்துகொண்டுதான் இருந்திருக்கும். ஒரு சொட்டு வழியாமல், சீராக, ஒரு வார உழைப்பின் மேல் ரோஜாவைப் படரவிட்டார். பிறகு காருக்குள் உட்கார்ந்து ஹீட்டர் காற்றில் காட்டி உலர்த்தினார். யாரும் சிரிக்கவில்லை. டாரில்கூட.

ஆட்டம் தொடங்கியதும் மாப்பிள்ளை கோஷ்டி மொத்தமும் அந்த ரோஜாவை நோக்கிப் பாய்ந்து வந்தது. மாப்பிள்ளைக்குக் கேலிக்காக மணப்பெண்ணின் வெண்ணிறக் கவுன் வேறு மாட்டிவிட்டிருந்தார்கள். க்ளினிஸ் ஓடினாள், குப்புற விழுந்தாள், சேற்றில் உருண்டாள். எல்லாரும் அவளையே துரத்தியதில் டாரிலும் மற்றவர்களும் சாவகாசமாகப் பின்னால் போய், கைப்பற்றினால் வெற்றி என்று நட்டிருந்த எதிரிக் கொடியை எடுத்து வந்துவிட்டார்கள். கடைசியில் அவளும் அடிபட்டுக் கையைத் தூக்கினாள். ஆனால் கவுனில் மூன்று குண்டு வைத்துவிட்டுத்தான்.

மதியம் கோஷ்டி மதுக்கடைக்குக் கிளம்பியது. பெவர்லி க்ளினிஸின் மூன்றாவது ஆட்டத்துக்குக் கையெழுத்துப் போட்டார்.

"முடிஞ்சது. பேர் ஏறினதும் இதை நீங்க கறுப்பாக்கிக்கலாம்."

எல்லாரும் டெஸ்மண்டைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவர் ஆக்கக் கூடாது" என்றார் பெவர்லி. "க்ளினிஸ்தான் பண்ணணும். இல்லைன்னா அடிக்கிறவரும் பதிவுல இருக்கணும்."

டெஸ்மண்ட் மனைவியின் முகத்தைப் பார்த்தார். மனைவி பேர் எழுதிய முகமூடியைப் பார்த்தார். அதில் பச்சை இன்னும் கோரமாக வழிந்த கோலத்திலேயே இருந்தது. பிறகு தன் பளபளப்பான ஷூவைப் பார்த்துக்கொண்டார்.

"வாடகைத் துப்பாக்கி இப்போ சும்மாதானே இருக்கு?" என்று கேட்டார். "எனக்கு முதல் ஆட்டம்னு போட்டுக்குங்க. இரும்பு மாதிரி தீட்டற வேலையை அவ கையில கொடுக்க முடியாது."

"நெஜமாவா?" என்றாள் க்ளினிஸ். குரல் உடைந்தது. "உனக்காகவா, துப்பாக்கிக்காகவா, எனக்காகவா?"

"கேள்வி கேக்காதே. பூட்ஸ் எங்க கிடைக்கும்?"

இரண்டு சைஸ் பெரிய பூட்ஸும், முழங்கால் வரை தொங்கும் சட்டையும் கிடைத்தன. இருந்தவர்களை இரண்டாகப் பிரித்து, பெவர்லி அவரை க்ளினிஸுக்கு எதிர் அணியில் போட்டார். விசில் ஊதியதும் டெஸ்மண்ட் சேற்றுக்குட்டையைச் சுற்றிக்கொண்டு, நுனிக்காலில், ஒரு மரத்துக்குப் பின்னால் போய் நின்றார். மரம் ஒல்லி. அவர் ஒல்லியில்லை. இருபுறமும் சட்டை தெரிந்தது.

முந்தின இரண்டு ஆட்டத்துக்கும் தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு வந்தபோது இப்படி ஒரு நாளுக்காகத்தான் அவள் ஏங்கினாள். அவளுக்கு அவர் மேல் அன்று பொங்கிய பிரியத்துக்கு அளவே இல்லை.

க்ளினிஸ் ரோஜாத் துப்பாக்கியை உயர்த்திக் குறி பார்த்தாள். கொஞ்சமும் தயங்காமல் சுட்டாள்.