வெர்னா வீட்டைச் சுற்றிய கோடு

1

இந்தக் கதை எங்கள் ஊரின் வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்துக்கு நின்ற வரிசையில் பிறந்தது. (பொய். நேற்று நீதிமன்றத்தில் பிறந்தது. சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.)

முதல் தொடக்கம்: ‘விஸ்கான்சினில் பனி உருகத் தொடங்கிய ஒரு...’ வேண்டாம். பனியை விட்டால் எனக்கு வேறு தொடக்கமே தெரியாதா?

விஷயத்துக்கு வருகிறேன். வெர்னா ஹால்வர்சன் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். போன சட்டசபைத் தேர்தலில் நாற்பத்தோரு ஓட்டில் தோற்றார். அடுத்த முறை நிச்சயம் என்று ஊரே பேசியபோது ஆளுங்கட்சி தொகுதிகளைப் புதிதாக வரைந்தது. எங்கள் ஊர் மூன்று துண்டு! அவருக்கு ஓட்டுப் போட்ட தெருக்கள் மூன்று தொகுதிகளில் கரைந்துபோயின. வெர்னா வழக்குப் போட்டார்.

2

வரைபடம் வரைந்தவர் சாட்சிக் கூண்டில் ஒரே பாட்டுப் பாடினார்.

“யாரு எங்க இருக்காங்கன்னு நாங்க பாக்கவே இல்லங்க. ஓடைய ஒட்டிக் கோடு போட்டோம், அவ்வளவுதான்.”

வெர்னாவின் வக்கீல் வரைபடத்தை விரித்தார். ஓடையோடு ஒழுங்காக வந்த கோடு, ஆல்டர் தெருவில் திடீரென்று வெளியே தாவி, ஒரே ஒரு மனையை வளைத்துப் பக்கத்துத் தொகுதியில் சேர்த்து, மறுபடி ஓடைக்குத் திரும்பியிருந்தது.

“இங்க ஓடை வளையுதா?”

“இல்லங்க.”

“அந்த மனையில என்ன இருக்கு?”

அங்கே புல்தான் இருக்கிறது. வெர்னாவின் வீடு முன்பு அங்கே இருந்தது. வெள்ளத்துக்குப் பயந்து, வீட்டை அப்படியே பெயர்த்து லாரியில் ஏற்றி, மேட்டுத் தெருவில் இறக்கிவிட்டார்கள். இங்கே ஒரு தொகுதியில் குடியிருப்பவர்தான் அதில் நிற்கலாம்; வெர்னாவை வெளியே தள்ளப் பழைய முகவரியைப் பார்த்துக் கோடு போட்டவர்களுக்கு வீடு நகர்ந்தது தெரியவில்லை. ஆளைப் பார்க்காதவர்கள், ஆள் இல்லாத மனையை எதற்கு வளைத்தார்கள்? நான் துள்ளிக் குதிக்காத குறை!

3

வீடு நகர்ந்த தேதிக்குச் சாட்சி வேண்டும். லாரிக்காரர் வெர்னாவின் தம்பி ஆர்லன். (இவரைப் பற்றி இதுவரை நான் மூச்சே விடவில்லை. கவனித்தீர்களா?) ஆர்லன் ஆளுங்கட்சியின் பரம தொண்டர்.

“ஏன்டா, கூண்டுல ஏறிக் கவுத்துடுவியா?” என்று நீதிமன்ற வாசலிலேயே கேட்டார் வெர்னா.

“என் ஓட்டு உனக்குக் கிடையாதுக்கா, அத விடு. ஆனா வீட்டத் தூக்கிட்டுப் போனவன் நான்தானே? இல்லேன்னா சொல்ல முடியும்?”

தேதியைச் சொன்னார். கோடு போடுவதற்கு ஏழு மாதம் முன்பு!

4

இரண்டு முடிவுகள் எழுதினேன்.

ஒன்று: வரைபடம் செல்லாது. வெர்னா...

இரண்டு: வரைபடம் செல்லும். ஆர்லன் அக்காவைப் பார்க்காமல்...

முதல் முடிவோடு ஒரு பிரதியை வெர்னாவிடம் காட்டினேன். அதில் ஆர்லன் கிடையாது. ஆளுங்கட்சிக்காரன் நல்லவனாக இருந்தால் என் முடிவுக்கு இடிக்கிறதே என்று அவரை வெட்டியிருந்தேன்.

“என் தம்பி எங்க?” என்றார் வெர்னா.

“கதைக்கு ஒத்துவரலைங்க.”

“நீ யாரு ஜெயிக்கணும்னு முடிவு பண்ணிட்ட, அதுக்கேத்த மாதிரி ஆளத் தூக்கி வெளிய போட்டுட்ட. நான் கோர்ட்டுக்கு எதுக்குப் போயிருக்கேன்னு உனக்குப் புரியவே இல்லையாப்பா?”

வெட்கமாகப் போய்விட்டது. ஆர்லனை உள்ளே கொண்டுவந்தேன். இரண்டு முடிவுகளையும் அடித்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குத் தீர்ப்பு. அதற்குள் முடிவை நீங்கள் எழுதுவதாக இருந்தால் எழுதுங்கள். ஒரே நிபந்தனை: வெர்னா, ஆர்லன் கட்சிகளின் பெயரை நான் சொல்லவில்லை. நீங்களும் கேட்கக் கூடாது.