மூத்தவள் அளவு

1

இந்தக் கதை என் முழங்கால் வலியிலிருந்து வந்தது. உட்கார்ந்து எழுதுவதற்கென்று, பெயர்பெற்ற ஒரு கடையில் மரநாற்காலி வாங்கினேன். உட்கார்ந்தால் முழங்கால் மோவாயில் இடிக்காத குறைதான். சண்டை போடக் கிளம்பிப் போனேன். கல்லாவில் இருந்த முதலாளியின் மனைவி சிரித்துவிட்டார். அவரும் என்னைப் போல நெட்டை.

"உங்களுக்குமா? எங்க நாற்காலி எல்லாமே மூத்தவங்க அளவுங்க. நான் ரெண்டாந்தாரம்."

அந்தம்மா உட்கார்ந்திருந்த நாற்காலியில் இரண்டு தலையணைகள்.

2

முதல் தொடக்கம்: 'மரத்தூள் கமழும் ஒரு பட்டறையில், இளந்தச்சன் ஒருவன்...'

(வேண்டாம். மரத்தூள் கமழாத தச்சன் கதையை யாராவது எழுதினால் தேவலை.)

நடந்தது இவ்வளவுதான். முதலாளி தன் முதல் நாற்காலியைப் புதுப்பெண்டாட்டியான மூத்தவளுக்காகச் செய்தார். அவள் குள்ளம். அவளை உட்காரவைத்து, குதிகாலுக்கு அடியில் விரலை நுழைத்துப் பார்ப்பார். நுழைந்தால் நாற்காலிக் காலை இன்னும் கொஞ்சம் அறுப்பார். விரல் நுழையாமல் போனதும் நிறுத்தினார். ஊரில் பாதிப்பேர் அவள் உயரம்தான் போலும், கடை வளர்ந்தது. அவள் சீக்கிரமே செத்துப்போனாள். அளவு மாறவில்லை.

3

இந்த முதலாளியைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. கட்டியவள் தலையணைமேல் உட்கார்ந்திருப்பது ஒரு மனிதன் கண்ணில் படாமலா இருக்கும்? மூத்தவள்மேல் காதலில் உருகுபவராக எழுதினேன், எரிச்சலாக இருந்தது. கல்நெஞ்சராக மாற்றி எழுதி அந்தம்மாவிடமே படித்துக் காட்டினேன்.

"அய்யய்யோ, அப்படியெல்லாம் இல்லீங்க. தலையணையில பஞ்சு அமுங்கிட்டா அவரே புதுசா அடைச்சுக் குடுப்பாரு."

"நாற்காலியை உயர்த்தச் சொல்லிக் கேட்டதில்லையா?"

"அதெப்படிங்க கேக்கறது?"

அதற்குமேல் எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

4

அப்புறம் ஒரு நாள் மகன், இந்த அம்மாவின் மகன்தான், இரண்டு அங்குலம் உயரமாக ஒரு நாற்காலி செய்து கடை நடுவில் வைத்தான்.

"அப்பா, இனிமே இதுதான் நம்ம அளவு."

முதலாளி உள்ளே போய் ரம்பத்தோடு வந்தார். நாற்காலியைக் கவிழ்க்கக் கை வைப்பதற்குள் அந்தம்மா வந்து அதில் உட்கார்ந்துவிட்டார், தலையணை இல்லாமல்.

"என்னங்க, இதுல கால் வலிக்கல."

5

முடிவு அ: முதலாளி ரம்பத்தைப் போட்டுவிட்டுத் தேம்பி அழுகிறார். (படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.)

முடிவு ஆ: "எந்திரி" என்கிறார். அந்தம்மா எழுந்து தலையணைக்கே திரும்புகிறார். (நடக்கக்கூடியது. அதனாலேயே எழுதக் கை வரவில்லை.)

முடிவு இ: மகன் குறுக்கே பாய்ந்து

(அவன் எதற்கு? இது அவர்கள் இரண்டு பேருக்குள் இருப்பது.)

நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். அன்று மாற்றிக்கொள்ளக் கொண்டுபோன என் நாற்காலியோடு வாசலில் நின்றிருந்தேன். முதலாளி குனிந்தார். ஒரு கையில் ரம்பம். மறுகையின் விரலை அந்தம்மாவின் குதிகாலுக்கு அடியில் நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை.

"சரியாத்தான் இருக்கு" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. அந்தம்மா எழுந்திருக்கவில்லை.

ரம்பம் இன்னும் அவர் கையில்தான் இருக்கிறது. நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். ரம்பத்தை அவரிடமிருந்து வாங்கி வைப்பது இனி உங்கள் பாடு.