அப்பா உண்டாக்கிய சொற்கள்

கண் மருத்துவமனைக்கு வருகிறவர்கள் எல்லோரும் அவளைச் சொட்டு அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். டாக்டர் பார்ப்பதற்கு முன்னால் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, கண்மணி விரியும்வரை நோயாளிகளை ஓர் அரையிருட்டு அறையில் உட்கார வைப்பது அவள் வேலை. சுவரோரம் நீளமான பெஞ்சுகள். சன்னலில் தடித்த பச்சைத் திரை. அதன் வழியாக வடிந்து வரும் பகல் வெளிச்சம், அறையைக் குளத்தின் அடிபோல ஆக்கிவிடும். எல்லோரும் கண்ணை மூடி, இமையோரத்தில் பஞ்சை ஒற்றிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கண் மூடிக்கொண்டால் வாய் தானாகத் திறந்துகொள்ளும் போலிருக்கிறது. மருமகனைப் பற்றி, விற்றுவிட்ட மாட்டைப் பற்றி, யாரிடமும் சொல்லாத பயங்களைப் பற்றியெல்லாம் பேசுவார்கள். அவள் ‘உம்’ கொட்டியபடி சொட்டு விட்டுக்கொண்டே போவாள்.

அன்று பிற்பகல் ஒரு பஸ் டிரைவர் மனைவியோடு வந்திருந்தார். எதிர்வண்டியின் விளக்கு பூப்பூவாகச் சிதறித் தெரிகிறதாம். முதல் சுற்றுச் சொட்டு முடிந்து, பெஞ்சில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். அடுத்த ஆளுக்கு மருந்து விட அவள் பெஞ்சை ஒட்டி நின்றாள்.

“நெசீமு,” என்றார் டிரைவர், கண்ணைத் திறக்காமல்.

அவள் ஓரமாகத் தள்ளி நின்றுகொண்டாள். குனிந்து, இமையை விரலால் இழுத்து, மருந்தும் விட்டுவிட்டாள். புட்டியின் மூடியைத் திருகும்போதுதான் கை நின்றது. அவர் மனைவி இருந்த இடத்திலேயே இருந்தார். தள்ளிப் போனது இவள் மட்டும்தான்.

“ஐயா, இப்ப என்ன சொன்னீங்க?”

“ஒண்ணுமில்லம்மா. என் சம்சாரத்தைக் கொஞ்சம் தள்ளி உக்காரச் சொன்னேன். எப்பவும் போல காதுல வாங்கல.”

“நான் தள்ளிக்கிட்டேன்.”

டிரைவர் சிரித்தார். பிறகு சிரிப்பு மெல்லக் குறைந்தது. “உங்களுக்கு எப்படிப் புரிஞ்சுது?”

“எங்கப்பா சொல்ற வார்த்தை அது. சின்னப்பிள்ளைல எங்களை நகரச் சொல்றப்ப அப்படித்தான் சொல்வாரு. அவரா உண்டாக்கின பாஷை.”

“அவரா உண்டாக்கினதா? எங்க மொத்தக் குடும்பத்தையும் கேக்காமலா?”

மனைவி அவர் தொடையில் தட்டினார். சொட்டு அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. வேறு சொற்களைச் சொல்லிப் பார்த்தாள். லுமா என்றால் திற. இலிகா என்றால் தூங்கு. ஓசெ, ஓசெ என்றால் அழாதே. ஒவ்வொன்றுக்கும் டிரைவர் தலையை ஆட்டினார். கடைசியில் கண்ணைத் திறந்து அவளைத் தேடினார். மருந்து விரித்த கண்ணுக்கு எதிரில் இருப்பது எதுவும் துலங்காது.

“முகம் தெரியலம்மா. மஞ்சளா ஏதோ ஆடுது. குரல் மட்டும் எங்க அத்தை குரல் மாதிரியே இருக்கு,” என்றார். “உங்கப்பா எந்தப் பக்கம்?”

“தெரியாது. அவர் சொன்னதே இல்ல.”

அவள் அப்பா ஒரு பேக்கரியில் மாவு பிசைகிறவராக இருந்தார். விடிவதற்கு முன்னால் போய், பகலில் திரும்பி வருவார். புருவத்தில் மாவு ஒட்டியிருக்கும். அவளையும் தம்பியையும் ஆளுக்கொரு தொடையில் உட்கார வைத்துக்கொண்டு இந்தச் சொற்களைப் பேசுவார். அவளைத் துமேலி என்பார், தம்பியைப் பெக்கிரா என்பார். இது என்ன பாஷை என்று கேட்டதற்கு, “மாவு உப்பி வர்ற வரைக்கும் சும்மாதானே உக்காந்திருக்கேன்? அப்ப உண்டாக்கினது,” என்றார். பிள்ளைகள் நம்பினார்கள். அவள் பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டதும் உண்டு. பிறகு எப்போதோ அவர் அதை நிறுத்திவிட்டார். எப்போது என்று யாரும் கவனிக்கவில்லை. அவர் இறந்தபின் அந்தச் சொற்கள் வீட்டில் வேடிக்கையாக மட்டும் மிஞ்சின. ஏசி மெக்கானிக்காக இருக்கும் தம்பி, துருப்பிடித்த திருகாணியிடம் இன்றைக்கும் “லுமா, லுமா” என்று கெஞ்சுவான்.

அன்று மாலை வீட்டுக்குப் போனபோது அம்மா சமையலறையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். சொட்டு அக்கா கைப்பையைக்கூடக் கழற்றவில்லை.

“அம்மா, அப்பா பேசினது நிஜ பாஷையா?”

அம்மா ஒரு தோலைப் பிளந்து, பட்டாணியைக் கிண்ணத்தில் விட்டு, தோலைப் பார்த்தாள். “யார் சொன்னா?”

“அப்ப உனக்குத் தெரியும்.”

“கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லிட்டாரு. மறைக்கல.” அம்மா அடுத்ததை எடுத்தாள். “சின்ன வயசுல பேக்கரிக்கு வந்தப்ப, இவர் வாயைத் திறந்தாலே குருவி கத்துதுன்னு கேலி பண்ணுவாங்களாம். ஆளைப் பாத்தா கீச்கீச்சுனு கூவுவாங்களாம். முதலாளி, உன் பேச்சு திருந்தற வரைக்கும் கடைப் பக்கம் வராதே, பின்னாடியே இருன்னுட்டாராம். கடைசி வரைக்கும் பின்னாடியேதான் இருந்தாரு. நமக்குப் பிள்ளைங்க பொறந்தா இந்தப் பேச்சு காதுல விழவே கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினாரு.”

“பின்ன எங்ககிட்ட பேசினாரே?”

“என்கிட்ட சத்தியம் வாங்கினாரு, தன் வாய்கிட்ட வாங்கலையே.” அம்மாவின் முகம் கொஞ்சம் மலர்ந்தது. “உன்னைத் துணியில சுத்தி அவர் கையில குடுத்தாங்க. பாத்துக்கிட்டே நின்னாரு. அப்புறம் கடகடன்னு பேச ஆரம்பிச்சாரு பாரு, நர்ஸு பயந்துட்டா. அவ போனதும் என்கிட்ட, என்ன பண்றது, குழந்தைகிட்ட பேச எனக்கு வேற பேச்சு தெரியலையேன்னு அழுதாரு. பேசிட்டுப் போங்கன்னேன். நீங்க கேள்வி கேக்கற வயசு வந்ததும் உண்டாக்கினேன்னு கதை விட்டாரு. ஸ்கூலுக்குப் போனதும் வாயைக் கட்டிக்கிட்டாரு.”

சொட்டு அக்கா தரையில் உட்கார்ந்தாள். இருவருமாக மிச்சப் பட்டாணியை உரித்தார்கள்.

டிரைவர் கூப்பிட்டிருந்தபடி ஞாயிற்றுக்கிழமை அவளும் தம்பியும் அவர் வீட்டுக்குப் போனார்கள். அம்மாவைக் கூப்பிட்டதற்கு முட்டி வலிக்கிறது என்றுவிட்டாள். பஸ் டிப்போவுக்குப் பின்னால், மாடியில் இருந்தது வீடு. படியேறும்போதே பேச்சுக் குரல்கள் கேட்டன. சொட்டு அக்கா கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். சொல் எதுவும் புரியவில்லை. ஆனால் வாக்கியம் ஏறி இறங்கும் விதம், முடிவில் சிறிதாக இழுத்து விடுவது, நடுவில் நாக்கைத் தட்டும் ஒலி, எல்லாம் அப்பா. கனவில் இறந்தவர்கள் பேசுவது இப்படித்தான் கேட்கும், அடுத்த அறையிலிருந்து, முகமில்லாமல்.

“மேல ஏறுக்கா,” என்றான் தம்பி.

உள்ளே டிரைவரும் மனைவியும், அவருடைய பெரிய அண்ணனும் அண்ணியும் இருந்தார்கள். அண்ணன் தகரப் பட்டறை வைத்திருந்தவர், காது மந்தம். டிரைவரின் மகள் கைக்குழந்தையோடு பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். இரும்புக் கட்டிலின் விளிம்பில் அவர்களை உட்கார வைத்து டீ கொடுத்தார்கள். கொடியில் குழந்தைத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. காற்று வரும்போதெல்லாம் அறை முழுக்க நிழல்கள் நீந்தின. டிப்போவிலிருந்து வண்டிகள் கிளம்பும் உறுமல் தூரத்தில் கேட்டபடியே இருந்தது. சொட்டு அக்காவுக்கு, தன் மருந்தைத் தானே கண்ணில் விட்டுக்கொண்டதுபோல எல்லாம் ஓரம் கரைந்து தெரிந்தது.

தம்பிக்குப் பொறுக்கவில்லை. “எங்கப்பா என்னைப் பெக்கிரான்னு கூப்பிடுவாரு. அப்படின்னா என்ன?”

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியண்ணிதான் சொன்னார். “ஆட்டுக்குட்டிப்பா. சும்மா ஆட்டுக்குட்டி இல்ல. காரணமே இல்லாம ஓயாம கத்துமே, அது.”

“சரியாத்தான் வெச்சிருக்காரு,” என்றாள் சொட்டு அக்கா. “துமேலின்னா?”

“சட்டியில கடைசியா ஒட்டிக்கிட்டு இருக்குமில்ல, அது. எல்லாருக்கும் போட்டு முடிச்சப்புறம், அதை மட்டும் யாருக்கும் குடுக்காம நாமே வழிச்சுத் தின்னுடுவோம்.”

அவள் டீ கிளாசைக் கீழே வைத்தாள். தம்பி அவள் பக்கம் திரும்பாமல் கொடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நீங்க ஏதாவது பேசுங்க தங்கச்சி,” என்றார் டிரைவர். “அண்ணன் உங்க பேச்சைக் கேக்கணும்னு காலைலேர்ந்து காது மிஷினை மாட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு.”

அவள் பெரியண்ணன் பக்கம் திரும்பினாள். என்ன பேசுவது என்று யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் வந்திருக்காது. நாக்கில் எது முதலில் இருந்ததோ அது வந்தது. வந்த பிறகு நிற்கவில்லை. அவள் முடித்ததும் பெரியண்ணன் அவளை உற்றுப் பார்த்தார். பிறகு, நரைத்த மீசைக்குக் கீழே, வாயை அகலத் திறந்து காட்டினார்.

சிரிப்பு வெடித்தது. டிரைவர் கட்டிலில் சாய்ந்துவிட்டார். அவர் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி விளக்கினார். “என்ன சொன்னீங்க தெரியுமா? வா வா, வாயைத் தொற, இன்னும் ஒரே ஒரு வாய், சமத்து, மூக்கைத் துடைச்சுக்கோன்னு சொல்றீங்க.”

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அவளுக்குத் தெரிந்தது ஓர் அப்பா மடியில் இருக்கும் குழந்தையிடம் பேசுவது மட்டுமே. கடைக்குப் போய் அதில் ஒரு சாமான் கேட்க முடியாது. ஒருவரை நலம் விசாரிக்க முடியாது. ஊட்டலாம், தூங்க வைக்கலாம், விழுந்தால் தூக்கலாம்.

முதலில் சிரிப்பை நிறுத்தியவர் பெரியண்ணி. “மூக்கைத் துடைச்சுக்கோங்கறதுக்கு ஒரு வார்த்தை சொன்னியே, இன்னொரு தடவை சொல்லும்மா.”

அவள் சொன்னாள். அது ஒரு சின்னச் சொல், தும்மல்போல.

“இது எனக்கு மறந்தே போச்சு. எங்கம்மாகிட்ட கேட்டது.” பெரியண்ணி தன் கணவரின் காதருகே போய் அதைச் சத்தமாகச் சொன்னார். அவரும் திரும்பச் சொன்னார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். எறும்பு கடித்தால் ஊதும்போது சொல்வது. பால் பல்லுக்குச் சொல்வது. குளிக்க அடம் பிடித்தால் சொல்வது. பாதிக்கு மேல் அவளிடம் இருந்தது, இல்லாததைத் தம்பி நினைவுபடுத்தினான். பெரியவர்கள் பேச்செல்லாம் அந்த வீட்டில் குறைவில்லாமல் இருந்தது. குழந்தைப் பேச்சு மட்டும் தீர்ந்துபோயிருந்தது.

“என்கிட்ட நீ இப்படிப் பேசினதே இல்லையேம்மா,” என்றாள் டிரைவரின் மகள்.

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் அவள் அம்மாவின் முகம் கூம்பிவிட்டது. “ஸ்கூல்ல திணறுவேன்னு டீச்சர் சொன்னாங்க. எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க. நாங்க ரெண்டு பேரும் பேசிப்போம், நீ வந்தா தமிழுக்கு மாத்திடுவோம்.”

“நான் கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு கேட்டே கத்துக்கிட்டேன். புரியும், பேச வராது.” மகள் குழந்தையைத் தோளிலிருந்து இறக்கினாள். “திட்டலம்மா. சொல்றேன், அவ்வளவுதான்.”

பிறகு எழுந்து வந்து, குழந்தையைச் சொட்டு அக்காவின் மடியில் வைத்தாள். “இவகிட்ட பேசுங்க. நான் பக்கத்துல உக்காந்து கேக்கறேன்.”

குழந்தையின் உச்சந்தலையில் எண்ணெயும் வெயிலும் கலந்த மணம். சொட்டு அக்கா குனிந்து பேசினாள். அறையில் இருந்தவர்கள் மெல்லக் காலை மடக்கிக்கொண்டு நெருங்கி வந்தார்கள். ஊருக்குப் பெரிய மனிதர்போல இருந்த பெரியண்ணன்கூடக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். குழந்தை கொட்டாவி விட்டது. யாருடைய பேச்சு இது என்று அதற்கு அக்கறை இல்லை. பேசுகிற வாயைப் பிடித்து இழுத்துப் பார்த்தது.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போவது வழக்கமாயிற்று. மகள் தன் குழந்தையிடம் பேசத் தொடங்கினாள். தப்புத் தப்பாகத்தான். நாக்கைத் தட்ட வேண்டிய இடத்தில் உதட்டைத் தட்டினாள். பெரியண்ணி திருத்தினால், “இவளுக்கு என் தப்புதான் சரி பெரியம்மா,” என்பாள். மொத்தமாக எத்தனை வீடுகளில் இந்தப் பேச்சு இருக்கிறது என்று தம்பி ஒருநாள் கேட்டான். டிரைவர் விரலை மடக்கிக்கொண்டே வந்தார். இரண்டாவது கைக்குப் போகும்போது, “அதை எதுக்கு எண்ணிக்கிட்டு,” என்று நிறுத்திவிட்டார்.

மழை தூறிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரும் கூப்பிடாமலே அம்மா புடவை மாற்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். முட்டி வலியைப் பற்றிப் பேச்சில்லை. டிரைவர் வீட்டில் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து, புது மருமகள்போலக் கையைக் கோர்த்துக்கொண்டாள். பெரியண்ணி டீயை நீட்டித் தன் கணவரிடம் தங்கள் பேச்சில் ஏதோ முணுமுணுத்தார். இந்த அம்மா ரொம்ப அமைதி என்கிற மாதிரி இருந்தது அவர் தலையசைப்பு.

அம்மா டீயை வாங்கிக்கொண்டாள். ஒரு வாய் குடித்தாள். பிறகு அதே பேச்சில், நீளமாக, தடுமாறாமல், ஒரு வாக்கியம் சொன்னாள்.

பெரியண்ணியின் கை அந்தரத்தில் நின்றது. அடுத்த கணம் அவர் பதில் சொன்னார், அம்மா மடக்கினாள். அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு இன்னொன்று சொன்னார். அம்மா கழுத்தைச் சாய்த்து, ஒற்றைச் சொல்லில் முடித்தாள். பெரியண்ணன் மிஷினைச் சரிசெய்துகொண்டு, “இன்னும் கொஞ்சம் சத்தமா,” என்றார். டிரைவரும் மனைவியும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

சொட்டு அக்காவுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. தம்பியும் விழித்தான். அவர்கள் பள்ளிக்கூடம் போயிருந்த பகல்களில், புருவத்தில் மாவோடு ஒருவர் வீடு திரும்ப, கதவைத் திறந்து ஒருத்தி நின்றிருக்கிறாள். சண்டையும் சமாதானமும் மற்றதும் இந்தப் பேச்சிலேயே நடந்திருக்கின்றன. அம்மாவின் குரல் இப்போது வேறாக இருந்தது. சற்றுத் தடித்து, குறும்பாக, இளமையாக. அந்தப் பெண்ணை அவள் முன்பின் பார்த்ததில்லை.

மடியில் குழந்தை தூங்கிப்போயிருந்தது. மழைச் சத்தத்தோடு சேர்ந்து அந்தப் பேச்சு அவளையும் மெல்ல மெல்ல அமிழ்த்தியது. கண் சொக்கியது.

“என்னம்மா சொன்ன அவங்ககிட்ட?” என்றாள், பாதித் தூக்கத்தில்.

அம்மா திரும்பிப் பார்த்தாள். கன்னம் சிவந்திருந்தது.

“உனக்கில்ல அது,” என்றாள். “நீ தூங்கு.”