பிறந்த வீட்டுக் கோடி

மழை வருவதற்கு முன் என் நாக்கில் துரு ருசி வரும். பழைய கிணற்று வாளியின் பிடியை நக்கினால் எப்படி இருக்குமோ, அப்படி. எல்லோருக்கும் அப்படித்தான் வரும் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். ஒரு நாள் அம்மாவிடம் சொன்னபோது என் வாயைப் பொத்தினாள்.

"வெளிய சொல்லிராத, ஈவா. ஒங்க அத்தைக்கும் இப்படித்தான் வந்துச்சாம்."

எனக்கு ஓர் அத்தை இருந்தாள் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்பாவுக்கு மூத்தவள். பெயர் சுப்பம்மாள். உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்து, சின்ன வயதிலேயே தாலி அறுத்தவள். இன்றைக்கு மழை வரும் என்பாள், வரும். ஊரே அவளைக் கேட்டுத்தான் விதைத்தது. ஒரு வருஷம், "இந்தத் தடவ வராது" என்று சொல்லிவிட்டாள். வரவில்லை. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லியா தரவேண்டும்? சூனியக்காரி மழையைக் கட்டிவிட்டாள் என்று அவளைக் கண்மாய்க்கு இழுத்துக்கொண்டு போய்க் கொளுத்தினார்கள். அன்று சாயங்காலமே மழை கொட்டியது. அந்தப் பாழாய்ப்போன மழை ஒரு மாசம் பொறுத்து வந்திருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வரும்.

அந்த வருஷமே தாத்தா குடும்பத்தோடு கிறிஸ்தவ வேதத்துக்கு மாறினார். சிறுவனாக இருந்த அப்பாவுக்குச் செல்வதுரை என்று பெயர் வைத்தார்கள். பெயர் மாறினால் ஊர் விட்டுவிடுமா? மழை பொய்த்தால் எங்கள் பக்கம் வைக்கோலில் ஒரு பொம்பளை கட்டுவார்கள். கொடும்பாவி என்று அதைத் திட்டி, ஒப்பாரி வைத்து, மூன்று நாள் தெருத்தெருவாக இழுத்துக் கடைசியில் கொளுத்துவார்கள். பல ஊரில் உள்ள வழக்கம்தான். எங்கள் ஊரில் மட்டும் அந்தக் கொடும்பாவிக்கு அத்தை பிறந்த எங்கள் வீட்டுச் சேலைதான் கட்ட வேண்டும்; அதுவும் உடுத்திப் பழகிய சேலை. அம்மா தெரசாள் வாய் பேசாமல் கொடுத்துவந்தாள். கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் அம்மாவின் முதுகில் சரளைக்கல் கிழித்த கோடுகள் விழும். கொளுத்தும் அன்று கொப்புளம் கிளம்பும். எந்த வெயிலிலும் அம்மா முதுகை மூடிய ரவிக்கைதான் போடுவாள்.

எண்பத்தேழில் நான் பத்தாவது படித்தேன். மூன்றாவது வருஷமாக மழை இல்லை. கொடும்பாவியை இழுத்துப்போகும் பால்ச்சாமி எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"மருமக சேலைக்கு மழை எறங்கல, செல்வதுரை. ரத்த சொந்தமா வேணும். ஒம் மக உடுத்துனதக் குடு."

"எம் பிள்ளையத மட்டும் கேக்காதீக," என்றார் அப்பா. ஊரோடு பேசி அவருக்குப் பழக்கமில்லை.

பால்ச்சாமி வாசலை விட்டு இறங்கிப் போனார். மறுநாள் வேலியில் காயப்போட்டிருந்த என் பச்சைத் தாவணியைக் காணவில்லை.

திருச்சுழிக்கு பஸ்ஸில் போய்ப் படித்துக்கொண்டிருந்தேன். கொடும்பாவி இழுக்கத் தொடங்கிய அன்று வகுப்பில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதே முழங்கால் திகுதிகுவென்று எரிந்தது. பாவாடையைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தேன். தோல் உரிந்து, அதில் எங்கள் தெருக் கரிசல் மண் ஒட்டியிருந்தது. நான் விழவே இல்லை. மறுநாள் முதுகு கிழிந்தது. அம்மா தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே அழுதாள்.

"எனக்குக் கொப்புளத்தோட போச்சு. நான் வேற வீட்டு ரத்தம். நீ அவுக ரத்தம்டி."

நாளைக்குக் கொளுத்துவார்கள். எனக்குச் சாக இஷ்டமில்லை. பயத்தைவிட ஆத்திரம்தான் அதிகமாக இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் கம்பு மூட்டை கிடக்கும் உள்ளறைக்குப் போனேன். ஒரு பெண் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அவள் தோளில் என் தாவணி. தெருவில் கொடும்பாவியை இழுக்கும் கொட்டுச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு அடிக்கும் அவள் உடம்பு குலுங்கியது. தாவணியின் முனையை எடுத்து முகர்ந்து பார்த்தாள். அடுத்தவர் உடுத்திக் கழித்ததைக் கொடுத்தால் நாம் எப்படிப் பார்ப்போம், அப்படிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே கையை மட்டும் பின்னால் நீட்டினாள். எதையோ வாங்கிக்கொள்ளக் காத்திருக்கும் கை. விரல்கள் கருகியிருந்தன.

நான் ஓடிப்போய் அப்பாவைப் பிடித்தேன்.

"அப்பா, அத்தை செத்தப்ப கோடி போட்டீகளா?"

அப்பா முகம் செத்துப்போயிற்று. "அழுதா எங்களையும் இழுத்துருப்பாக, தாயி. வீட்டுல ஒருத்தரும் அழுகல. கோடியும் போடல."

வேதக்காரரோ இல்லையோ, செத்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை வராமல் எங்கள் பக்கம் பாடை தூக்க மாட்டார்கள். எத்தனை நேரமானாலும் உடம்பைப் போட்டுக்கொண்டு காத்திருப்பார்கள். இவளுக்கோ இத்தனை வருஷமாகப் பிறந்த வீட்டிலிருந்து போனதெல்லாம் உடுத்திக் கழித்த துணி. அவள் எப்படிப் போவாள்?

ஈஸ்டருக்கென்று அருப்புக்கோட்டையில் எடுத்து, கட்ட மனசில்லாமல் அம்மா பெட்டியில் வைத்திருந்த சேலையை எடுத்து அப்பா கையில் கொடுத்தேன். செத்தவளுக்குத் தம்பிதானே போட வேண்டும். வேலி வரைக்கும் வந்தார்.

"எனக்குக் கால் வரல, தாயி."

சேலையை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு கண்மாய்க்கு ஓடினேன். தண்ணீர் கண்டு வருஷக்கணக்கான கண்மாய், பாளம் பாளமாய் வெடித்துக் கிடந்தது. நடுவில் வைக்கோல் பொம்பளை, என் தாவணியோடு. பால்ச்சாமி பந்தத்தைப் பற்றவைத்திருந்தார். என் முதுகு அப்போதே காந்த ஆரம்பித்துவிட்டது.

"ஏ புள்ள, தள்ளிப் போ."

"பொறந்த வீட்டுக் கோடி கொண்டாந்திருக்கேன். போடாம எப்படிக் கொளுத்துவீக?"

பந்தம் அப்படியே நின்றது. ஒப்பாரி வைத்த பெண்கள் சேலையைப் பார்த்து ஒதுங்கினார்கள். கோடியோடு வந்தவளைத் தடுக்க அந்த ஊரில் யாருக்கும் நாக்கு எழாது. என் தாவணியை உருவி எறிந்தேன். புதுச்சேலையை மடிப்புக் கலைத்து அவள் மேல் போர்த்தினேன்.

"சுப்பம்மா அத்த," என்று கூப்பிட்டேன். அந்தப் பெயரை அந்த இடத்தில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அழுகை வந்தது, அழுதேன். கொஞ்ச நேரத்தில் என் பின்னால் இன்னொரு குரல், "அக்கா, அக்கா" என்று சின்னப் பிள்ளை மாதிரி உடைந்து அழுதது. திரும்பிப் பார்த்தேன். அப்பா.

சேலைக்குள் வைக்கோல் மெல்லத் தாழ்ந்தது. வெகுநேரம் சுமந்த பாரத்தை இறக்கிவைப்பவர்கள் விடும் பெருமூச்சு ஒன்று என் காதோரம் கேட்டது. முதுகில் எரிச்சல் நின்றது. நான் பிழைத்துவிட்டேன் என்று தெரிந்ததும் எனக்குச் சிரிப்பும் அழுகையுமாக வந்தது. அந்த நேரம் பார்த்து நாக்கில் துரு ருசித்தது. மூன்று வருஷமாக வராத ருசி. சந்தோஷத்தில் அம்மா சொல்லிவைத்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"மழ வருது," என்றேன், எல்லோருக்கும் கேட்க.

வானத்தில் பொட்டு மேகம் இல்லை. ஆனாலும் துளி விழுந்தது, முதலில் பந்தத்தின் மேல். பிறகு கொட்டித் தீர்த்தது. அம்மா தலைவிரிகோலமாக ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள். அதற்குள் நேரம் கடந்துவிட்டது.

அத்தனை மழையிலும் யாரும் வானத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்கள். பால்ச்சாமி தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்.

"எப்ப வெதைக்கலாம்னு நீங்க சொல்லுங்க, தாயி," என்றார்.

கூட்டம் இரண்டாகப் பிரிந்து எனக்கு வழி விட்டது. அத்தைக்கும் முதலில் இப்படித்தான் வழி விட்டிருப்பார்கள்.