தேய்ந்த மிதியடி

நர்ஸ் வேண்டுமென்றே இரவு டூட்டி முடிந்த கையோடு கார் ஷோரூமுக்கு வந்திருந்தாள்.

"நல்லாத் தூங்கி எழுந்து ஓட்டினா என்னங்க தெரியும்? இப்படி வந்தாத்தானே கார் காப்பாத்துதான்னு தெரியும்," என்றாள் விற்பனைக்காரரிடம். கண் இரண்டும் செருகிக்கொண்டிருந்தன. அவர் சாவியைக் கொடுக்கத் தயங்கினார். கடைசியில், ரோட்டுக்குப் போகாமல் ஷோரூமுக்குப் பின்னாலுள்ள திடலிலேயே ஓட்டலாம் என்றார்.

விஷயம் இதுதான், கண்ணுகளா. போன மாதம் வேலை முடிந்து திரும்பும்போது ஸ்டியரிங்கிலேயே கண்ணயர்ந்து, பழைய காரைச் சாலையோர மரத்தில் சாத்திவிட்டாள். நெற்றியில் நாலு தையல். வீட்டுப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு மாற்றல் கேள் என்றான் கணவன். குறைமாதக் குழந்தைகள் வார்டிலேயே பதினோரு வருஷம் இருந்தவளுக்கு மனம் வரவில்லை. தானே பிரேக் போடும் இந்த செடான் கார் சரிப்பட்டால் மாற்றல் பேச்சே எடுக்கக் கூடாது என்று அவனிடம் வாக்கு வாங்கியிருந்தாள். சரிப்படாவிட்டால் அவள் கையெழுத்துப் போட வேண்டிய மாற்றல் மனு அவன் சட்டைப் பையில் இருந்தது. அவன் பின் சீட்டில் இருந்தான்.

திடலில், காருக்கு எதிரே அட்டைப் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள்.

"பிரேக்கைத் தொடாதீங்க மேடம். அதுவே நிக்கும்."

நின்றது. ஒரு முழம் இடைவெளி. நர்ஸ் நிம்மதியாகத் திரும்பினால், பக்கத்து சீட்டில் விற்பனைக்காரரின் வலது கால், கீழே விரித்திருந்த ரப்பர் மிதியடியை அழுத்திக்கொண்டிருந்தது. அந்த இடம் தேய்ந்து ஓட்டையாகியிருந்தது.

"உங்க பக்கமும் பிரேக் இருக்கா?"

"இல்லீங்க."

"அப்ப எதை மிதிக்கிறீங்க?"

"மூணு வருஷமா இப்படித்தான் மேடம். ஒரு தடவைகூட நிக்காமப் போனதில்ல. காலுக்குத்தான் நம்பிக்கை வரமாட்டேங்குது."

பின்னாலிருந்து கணவன் லேசாகச் சிரித்தான். "நீங்க சும்மா இருங்க," என்றாள்.

அடுத்து, தரையில் போட்டிருந்த வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே ஓட்டினாள். கை தளர்ந்தபோதெல்லாம் ஸ்டியரிங் மெல்ல இழுத்து நேராக்கியது. கோடு முடிந்த இடத்தில் அது இழுக்கவில்லை. கார் சுவரைப் பார்த்துப் போனது. அவளே பதறி பிரேக்கை மிதித்தாள்.

"கோடு இருந்தாத்தான் அதுக்குக் கண்ணு தெரியும் மேடம்," என்றார் அவர், குரல் இறங்கி.

"நம்ம ரோட்டுல பாலம் தாண்டினா கோடே இல்ல," என்றான் கணவன். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

முன்னாலிருந்த திரையில் ஒரு காபிக் கோப்பைப் படம் மின்னியது.

"இது என்ன?"

"அசதியா இருக்கீங்களாம். நிறுத்தி ஓய்வெடுக்கச் சொல்லுது."

"எடுக்காம ஓட்டினா?"

"மறுபடியும் சொல்லும். அவ்வளவுதான் அதால முடியும்."

நர்ஸ் ஹேண்ட் பிரேக்கைப் போட்டாள். பிறகு திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டினாள். "அந்த மனுவக் குடுங்க. பேனாவும்."

ஸ்டியரிங் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். "மூணாவது தொட்டில்ல இருக்கிற குழந்தை இன்னும் ரெண்டு கிலோ தொடல. அது வீட்டுக்குப் போற வரைக்கும் அங்கதான் இருப்பேன்."

"இரு. தினம் காலையில நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

அதற்குள் அவள் தலை ஒருபக்கம் சாய்ந்து தூங்கிவிட்டிருந்தாள்.

விற்பனைக்காரரின் போன் அதிர்ந்தது. மேனேஜர். "இன்னும் பார்த்துட்டிருக்காங்க சார்," என்று கிசுகிசுத்தார். ஏசியை அணைக்கவில்லை. மிதியடியிலிருந்து காலை எடுத்து, மெதுவாக நீட்டிக்கொண்டார்.