சிலேட்டு சொல்லாமல் விட்டது

அந்தக் கடையில் பதினோரு வருஷமாகச் சின்ன டேப்லெட் விற்றுக்கொண்டிருந்தவளுக்கு ‘சிலேட்டு’ என்று பட்டப்பெயர் வைத்தது மேனேஜர்தான். போன்கள் வருஷத்துக்கு வருஷம் பெரிசாகிக்கொண்டே போக, அவள் மேசைக்கு வருகிறவர்கள் குறைந்துபோனது உண்மை. அதற்காக முப்பது பேர் கூடிய காலைக் கூட்டத்தில் அவளை எழுப்பி, ஒரு கையில் எட்டு இன்ச் டேப்லெட்டும் மறு கையில் புதுப் போனும் கொடுத்து நிற்க வைத்தார்.

“நல்லாப் பாருங்க. தம்பி அண்ணன் தோளுக்கு வந்தாச்சு. இனிமே அண்ணன் எதுக்கு?” என்றார். எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள்.

“போன் நீளத்துலதான் வளந்திருக்கு சார், அகலத்துல வளரல. ஒரு முழுப் பக்கத்தை ஒரே பார்வையில பாக்கணும்னா இதுதான் வேணும்,” என்றாள்.

“சிலேட்டு பாடம் நடத்துது.” மறுபடியும் சிரிப்பு.

அன்று மத்தியானமே அவள் மேசை போனது. டேப்லெட்டுகளோடு அவளையும் சரக்கறைக்குத் தள்ளினார். அதன் பிறகும் மூன்று முறை, எந்தெந்த இடங்களுக்கு இதை விற்கலாம் என்று எழுதிக்கொண்டு அவர் அறைக்குப் போனாள். மூன்றாவது தாளின் மேல் டீக்கோப்பையை வைத்தார். குடித்து முடித்துவிட்டு, “இதை எடுத்துட்டுப் போ,” என்றார். வட்டக் கறையோடு அதை மடித்து, அவர் முன்பே திருப்பிக் கொடுத்திருந்த இரண்டோடு வைத்துக்கொண்டாள். பெட்டி அடுக்கும்போதெல்லாம் உள்ளுக்குள் கறுவிக்கொண்டிருந்தாள்.

ஏழு மாதம் கழித்து ஓர் ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ் வந்தார். படுக்கையருகே மருந்து அட்டவணையைப் பார்க்க, கோட்டுப் பையில் அடங்குகிற மாதிரி நூற்றிருபது கருவி வேண்டும் என்றார். மேனேஜர் கடையில் இருந்ததிலேயே பெரிய போனை எடுத்து நீட்டினார். சரக்கறைக் கதவோரம் நின்றவளுக்கு எல்லாம் காதில் விழுந்தது. அத்தனை பத்திகள் உள்ள அட்டவணை போனில் பாதிதான் தெரியும். மீதியைப் பார்க்க விரலால் இழுத்தால் நோயாளியின் பெயர் மறைந்துவிடும். நாலு எட்டு வைத்துப் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நூற்றிருபது போனையும் அவளே பொறுமையாகக் கட்டி அனுப்பினாள். வெகுநாளைக்குப் பிறகு அன்று அவளுக்குச் சாப்பாடு ருசித்தது.

மூன்றே வாரத்தில் தலைமை நர்ஸ் நேரே முதலாளியம்மாவிடம் வந்து நின்றார்.

“இழுத்து இழுத்துப் பாக்குறதுக்குள்ள வரிசை மாறிப்போகுது. நேத்து ஒரு பெரியவருக்குக் குடுத்த மருந்தையே திரும்பக் குடுக்கப் போயிட்டாங்க. மக பக்கத்துல இருந்து தடுத்ததால தப்பிச்சாரு.”

முதலாளியம்மா மேனேஜரைப் பார்த்தார். “இதுக்கு ஏத்த சாமான் நம்மகிட்ட இல்லயா?”

“யாரும் எங்கிட்டச் சொல்லலம்மா.”

“மூணு தடவை எழுதிக் குடுத்தேம்மா,” என்று சிலேட்டு வெளியே வந்து தாள்களை மேசையில் பரப்பினாள். முதல் வரியே ஆஸ்பத்திரி வார்டுதான். மேனேஜரின் முகம் செத்துப்போனது. கண்ணெடுக்காமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வயிறு குளிர்ந்தது.

அந்த வாரமே அவர் வேலை போனது. சாவியை ஒப்படைத்துவிட்டுச் சரக்கறைக்கு வந்தார்.

“போனைக் கட்டி அனுப்பினப்பவே உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அந்தப் பெரியவருக்கு ஏதாவது ஆயிருந்தா?”

“உங்க தலையிலதானே விழுந்திருக்கும்,” என்றாள். சொன்ன பிறகுதான் தன் குரல் அவளுக்கே கேட்டது. அவர் போய்விட்டார்.

போன்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு டேப்லெட்டுகளைக் கொடுக்க அவளே ஆஸ்பத்திரிக்குப் போனாள். அட்டவணை முழுசாகத் தெரிகிறது என்று நர்ஸுகளுக்குச் சந்தோஷம். ஒரு நர்ஸ் அவளை ஒரு கட்டிலருகே கூட்டிப்போனாள். மருந்து மாறப் பார்த்த அந்தப் பெரியவர் தூங்கிக்கொண்டிருந்தார். மகள் அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

“சரியானதைக் கொண்டுவந்தது நீங்கதானாக்கா? நல்லாருப்பீங்க,” என்றாள் மகள்.

“முதல்ல வந்த தப்பானதையும் நான்தாம்மா அனுப்பினேன். தெரிஞ்சேதான் அனுப்பினேன்.”

ஏதோ தன்னடக்கத்தில் சொல்கிறாள் என்று நினைத்து அந்தப் பெண் சிரித்தாள். எழுந்துவந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். விடுவித்துக்கொள்ள வழி தெரியாமல் சிலேட்டு அப்படியே நின்றாள்.