சுரங்கக் கால்வாயில் போனவன்

குத்தகைப் பதிவுச் சட்டம் வந்த மறு வருஷம், வைகாசியில், துரைக்கண்ணுவுக்குத் தஞ்சாவூர் தாலுகா ஆபீஸில் விசாரணை. அப்பன் காலத்திலிருந்து உழுதுவரும் நிலத்துக்குத் தன்னைக் குத்தகைதாரராகப் பதியச் சொல்லி மனுப் போட்டிருந்தான். நேரில் போகாவிட்டால் மனு தள்ளுபடியாகிவிடும். நிலத்துக்குச் சொந்தக்காரரான மிராசுதாருக்கு அது போதும்.

மனைவி அம்சவல்லியோடு டவுனுக்கு மேற்கே பழைய ஏரிக்கரையில் வந்துகொண்டிருந்தபோது மிராசுதாரின் ஆட்கள் தடியோடு மறித்தார்கள். அவளை ஆபீஸுக்கு ஓடச் சொல்லிவிட்டு துரைக்கண்ணு ஏரிக்குள் குதித்தான். ஏரி வறண்டு கிடந்தது. மூலையில், நாயக்கர் காலத்தில் கோட்டைக் குளத்துக்குப் பூமிக்கடியில் தண்ணீர் கொண்டுபோன செங்கல் கால்வாய் வாய் பிளந்து கிடந்தது. குனிந்து அதற்குள் நுழைந்துவிட்டான். பின்னால் நுழைய அவர்களுக்குத் துணிச்சல் வரவில்லை. திரும்பி வரட்டும் என்று வாயருகே உட்கார்ந்தார்கள்.

அம்சவல்லி போகவில்லை. கரையிலேயே நின்றாள். வல்லம் பக்கம் கறுத்திருந்த மேகம் அப்போதுதான் கொட்டித் தீர்த்தது. மேட்டிலிருந்து செம்மண் தண்ணீர் புரண்டு வந்து நேரே அந்த வாய்க்குள் பாய்ந்தது. ஆட்கள் எழுந்து சற்று நேரம் பார்த்தார்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் போய்விட்டார்கள்.

அவள் கோட்டைக் குளத்துக்கு ஓடினாள். தண்ணீர் சிவப்பாகக் குளத்தில் விழுந்துகொண்டிருந்தது. கூடவே குப்பையும் சருகும் வந்தன. அவன் வரவில்லை. படியில் உட்கார்ந்தவளுக்கு அழக்கூட வரவில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக் கொல்லைக் கிணற்றிலிருந்து யாரையோ தூக்கியிருக்கிறார்கள் என்று யாரோ சொன்னதும் எழுந்து ஓடினாள்.

அந்தக் கால்வாய்க்கு வழியில் கிணறு போலத் திறப்புகள் உண்டு. அதில் ஒன்று ஜன்னத் பீவியின் கொல்லையில் இருந்தது. உள்ளிருந்து குரல் கேட்டு, அவள்தான் கயிற்றை இறக்கி அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டிருந்தாள்.

"உள்ள வாம்மா. உசுரோடதான் இருக்காரு" என்றாள் ஜன்னத் பீவி.

துரைக்கண்ணு அந்த வீட்டுக்காரரின் கைலியைக் கட்டிக்கொண்டு, முழங்கையெல்லாம் சிராய்ப்போடு டீ குடித்துக்கொண்டிருந்தான். அம்சவல்லி அவன் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

"என் பேர கூப்பிட்டுட்டாங்களா?" என்று அவன் கேட்டான்.

"தெரியலைங்க. வாங்க, போயிப் பாத்துருவோம்."

மழையால் விசாரணை தாமதமாகத்தான் தொடங்கியிருந்தது. மனுதாரர் இனி வரமாட்டார் என்று மிராசுதாரின் ஏஜெண்டு அதிகாரியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வந்துட்டேங்க" என்று வாசலில் நின்று சொன்னான் துரைக்கண்ணு.

அன்று சாயங்காலமே அவன் பேர் பதிவானது. ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த அம்சவல்லி, நனைந்த வயல்களைப் பார்த்தபடியே தூங்கிப்போனாள்.